பம்பரைக் கழற்றிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்: சென்னை மோட்டார் சர்வேயர்களுக்கு ஒரு திறந்த மடல்

விபத்து வண்டிகளைப் பார்வையிட்டு இழப்பை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் வியாசர்பாடிப் பக்கம் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருப்பவன். கொடுங்கையூர், மாதவரம், மணலி, எர்ணாவூர், எண்ணூர் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் அடிபடும் கார்களில், டீலரின் பெரிய பாடி ஷாப்புக்குப் போக வசதியில்லாதவர்களின் வண்டிகள் எங்களைப் போன்ற பட்டறைகளுக்குத்தான் வருகின்றன. உங்களில் பலர் என் பட்டறைக்கு வந்திருக்கிறீர்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே எஸ்டிமேட்டில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறீர்கள். சில கோடுகள் நியாயமானவை, அதை நான் மறுக்கவில்லை. தேவையில்லாத பாகத்தையெல்லாம் பில்லில் ஏற்றும் பட்டறைகள் எங்கள் தெருக்களிலும் உண்டு.

உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். மோதிய காரை வெளியே இருந்து பார்த்து, படம் எடுத்து, அதை வைத்தே சேதத்தை முடிவு செய்யாதீர்கள். பம்பர், லைட், ஃபெண்டர் லைனிங் எல்லாம் கழற்றிய பிறகு பாருங்கள், அளந்து பாருங்கள், அந்த அளவை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வடசென்னையில் இருந்துகொண்டு ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே வண்டிகள் அடிபடும் விதமே வேறு. சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் இருக்கும் ஊர் இது. எண்ணூர் விரைவுச் சாலையிலும், மணலி ரோட்டிலும், ஜி.என்.டி. ரோட்டிலும் கண்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவில்தான் எங்கள் ஜனங்கள் காரும் ஆட்டோவும் பைக்கும் ஓட்டுகிறார்கள். வரிசையில் நின்று நின்று நகரும் டிரெய்லரின் பின்னால் கார் போய் மோதும்போது, டிரெய்லரின் பின்கம்பி காரின் பம்பருக்கு மேலே இருக்கிறது. பம்பரும் அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பட்டையும் வாங்க வேண்டிய அடியை பானெட்டும், லைட்டும், மேல் ஏப்ரனும் (முன்சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் இருக்கும் தகடு) வாங்குகின்றன. பக்கவாட்டில் டிரெய்லர் திரும்பும்போது இடையில் மாட்டும் காருக்குக் கதவும் நடு பில்லரும் (முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் நிற்கும் தூண்) அடி வாங்குகின்றன. இரண்டிலும் பம்பர் கிட்டத்தட்ட முழுசாக இருக்கும். படத்தில் பார்த்தால் "மைனர் டேமேஜ்" என்றுதான் தோன்றும்.

இன்னொன்று, இன்றைய பம்பர் பிளாஸ்டிக். உள்ளே ஒரு கை ஆழத்துக்கு அமுங்கினாலும், லாரி விலகியதும் பழைய இடத்துக்கே வந்து நின்றுவிடும். ஒரு கீறல், ஓரத்தில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான் மிச்சம். பழைய அம்பாசிடரில் இந்தப் பிரச்சினை இல்லை. இரும்பு பம்பர் வளைந்தால் வளைந்தபடியே நின்று, உள்ளே என்ன ஆனது என்பதற்கு அதுவே சாட்சி சொல்லிவிடும்.

திருவொற்றியூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்த வண்டியைச் சொல்கிறேன். சின்ன ஹேட்ச்பேக். டிரெய்லரின் பின் மூலையில் இடது முன்பக்கம் இடித்திருந்தது. வெளியே பார்த்தால் பம்பரில் வெடிப்பு, இடது லைட் உடைசல், பானெட் முனையில் மடிப்பு. "அண்ணே, பம்பரும் லைட்டும்தானே போச்சு? ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுத்துருவீங்களா, சொந்தக்காரங்க கல்யாணம் இருக்கு" என்றார். அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி ஆப்பில் படம் அனுப்பச் சொன்னது. அனுப்பினார். மறுநாளே பம்பர், லைட், பானெட் டிங்கரிங் என்று அப்ரூவல் வந்துவிட்டது. சர்வேயர் நேரில் வரவேயில்லை.

பம்பரைக் கழற்றினோம். உள்ளே இருக்கும் கிராஷ் பட்டையின் இடது முனை பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் சேஸிஸ் காலில் (எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் முன்னால் நீளும் இரும்புப் பெட்டியில்), வெளிப்பக்கம் தெரியாத இடத்தில், இரண்டு விரல் அகலத்தில் ஒரு மடிப்பு. மடிப்பின் மேல் பெயிண்ட் மீன் செதில் உதிர்வதுபோல் உதிர்ந்திருந்தது. ஏப்ரனும் ஷாக் அப்சர்பர் கூடும் சேரும் இடத்தில் கம்பெனி பூசிய சீலன்டில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். விரலால் தடவினால்தான் தட்டுப்படும். டேப்பை எடுத்து இடது ஷாக் கூட்டின் போல்ட்டிலிருந்து வலது முன் மூலைக்கும், வலதிலிருந்து இடது முன் மூலைக்கும் குறுக்கே அளந்தோம். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டிய வண்டி அது. 9 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

படம் எடுத்து, கூடுதல் சேதத்துக்கு சப்ளிமெண்டரி எஸ்டிமேட் அனுப்பினோம். "முதல் படங்களில் இந்தச் சேதம் இல்லை" என்று பதில் வந்தது. பம்பருக்குப் பின்னால் இருப்பது, பம்பர் மாட்டியிருக்கும்போது எடுத்த படத்தில் எப்படி இருக்கும்? கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டார் வண்டிக்காரர். வேறு யாரோ எடுத்தார்கள், மறுபடி முதலிலிருந்து சொன்னார். வண்டி சந்திலேயே நின்றது. கடைசியில் வீட்டு நகையை அடகு வைத்து அந்த சேஸிஸ் காலை மாற்றினார். அவர் செய்த ஒரே தவறு, கம்பெனி சொன்னபடி படம் எடுத்து அனுப்பியதுதான்.

அந்த 9 மில்லிமீட்டரை விட்டுவிட்டு வண்டியை மூடிக் கொடுத்திருக்கலாம். இழுத்து வைத்து, பம்பரை மாட்டி, பெயிண்ட் அடித்து, பளபளவென்று கல்யாணத்துக்கு அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் எனக்குப் பயம்.

சேஸிஸ் கால் எதற்கு இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் வண்டிக்காரர்களுக்காக எழுதுகிறேன். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. தரையும், தூண்களும், கூரையும், முன் கால்களும் ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டுகளால் சேர்ந்து ஒரே கூடாக நிற்கின்றன. மோதும்போது முன் கால்கள் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட முறையில் மடிய வேண்டும் என்று வடிவமைத்திருக்கிறார்கள். அவை மடிந்து அடியின் வேகத்தைத் தின்ற பிறகுதான் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மிச்சம் போகும். ஒருமுறை மடிந்த காலை இழுத்து நேராக்கினால் பார்வைக்கு நேராகிவிடும். அடுத்த மோதலில் அது எந்த இடத்தில், எவ்வளவு மடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏர்பேகுக்குச் சொல்லும் சென்சாரும் பல வண்டிகளில் முன்பக்கத்தில் இருக்கிறது. அது எவ்வளவு வேகமாக அடியை உணர்கிறது என்பது அந்த இரும்பு எப்படி மடிகிறது என்பதைப் பொறுத்தது. மோதிய பிறகு ஏர்பேக் வெடிப்பதா வேண்டாமா என்ற முடிவு, கண் இமைக்கும் நேரத்துக்குள் எடுக்கப்படுகிறது.

2023 அக்டோபரில் பாரத் என்கேப் வந்தது. காரை 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவைத்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். இப்போது என் பட்டறைக்கு வரும் இளைஞர்கள்கூட "இது ஃபைவ் ஸ்டார் வண்டிண்ணே" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சந்தோஷம். அந்த நட்சத்திரம் ஃபேக்டரியிலிருந்து வந்த புதுக் கூட்டுக்குக் கொடுத்தது. எங்கள் பட்டறையில் பழுது பார்த்து வெளியே போகும் அதே வண்டிக்கு அந்த மதிப்பு இருக்குமா என்பதை முடிவு செய்வது நீங்களும் நானும்தான். நீங்கள் அப்ரூவ் செய்யாத வேலையை வண்டிக்காரர் தன் கைக்காசில் செய்வது பத்தில் ஒருவரால்கூட முடியாது. மற்றவர்கள், "பரவால்ல, அப்டியே மூடிக் குடுங்க" என்பார்கள். ஓலா, ஊபர் என்று காரை வைத்துப் பிழைப்பவர்கள் சொல்லவே வேண்டாம். வண்டி நின்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது. ஓடாத நாட்களின் வருமானத்தை சாதாரண இன்சூரன்ஸ் கொடுப்பதும் இல்லை.

இரும்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னெல்லாம் எந்த மடிப்பாக இருந்தாலும் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி, சிவக்க வைத்து, சுத்தியால் தட்டினால் சொன்னபடி கேட்கும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் செய்தார், அந்தக் காலத்துத் தகரத்துக்கு அது சரி. இன்றைய நடு பில்லர் பல வண்டிகளில் போரான் கலந்து, சூட்டில் அழுத்தி, சட்டென்று ஆறவைத்த உருக்கு. சாதாரண தகரத்தைவிட நான்கைந்து மடங்கு வலு. அந்த வலு வந்ததே சூடும் குளிரும் கொடுத்த முறையால்தான். பட்டறையில் மறுபடி சூடாக்கினால் அது போய்விடும். போனது வெளியே தெரியாது. அதனால்தான் கம்பெனிகளின் ரிப்பேர் மேனுவலில் இந்த பாகங்களைச் சூடாக்காதே, மாற்று, இன்ன இடத்தில் வெட்டிச் சேர் என்று எழுதியிருக்கிறார்கள். இருந்தும் "பில்லர் ரிப்பேர், கூலி இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதிய அப்ரூவல்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த உருக்கு, எந்த முறையில் ரிப்பேர் என்று ஒரு வார்த்தை இல்லை.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. பின் குவார்ட்டர் பேனலில் (பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பக்கத் தகட்டில்) ஒரு குழி. கூரையோடும் தரையோடும் சேர்ந்த பாகம் அது. சுத்தியும் டோலியும் (தகட்டின் மறுபக்கம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) வைத்துப் பொறுமையாக எடுத்தால் ஃபேக்டரி வெல்டு ஒன்றைக்கூடத் தொடாமல் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அந்த உழைப்புக்கு நீங்கள் போடும் கூலி, பேனலை வெட்டி எறிந்து புதிது ஒட்டும் கூலியில் பாதிகூட இல்லை. நல்ல கைவேலைக்காரன் என்ன செய்வான்? வெட்டுவான், அல்லது குழியை எடுக்காமல் பட்டி போட்டு மூடுவான். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று ஒவ்வொரு டப்பாவிலும் எழுதாத குறைதான். விரல் கனத்துக்குப் பட்டி போட்ட கதவுகளைப் பிரித்திருக்கிறேன். சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் ஓடு ஓடாகக் கழன்று விழும். உள்ளே சிவப்பாகத் துரு.

துரு என்றதும் கடற்காற்று நினைவுக்கு வருகிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வண்டி நிறுத்துபவர்களைக் கேளுங்கள். கிரைண்டர் வைத்துத் தேய்த்த இரும்பைப் பிரைமர் அடிக்காமல் ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் படிந்திருக்கும். வெல்டு செய்த பெட்டிக் கட்டமைப்பின் உள்ளே மெழுகு அடிக்க வேண்டும், இணைப்பில் சீலன்ட் போட வேண்டும். இந்த ஊரில் அது அலங்காரம் கிடையாது, வண்டியின் ஆயுள். எஸ்டிமேட்டில் முதலில் நீங்கள் அடிக்கும் வரி பெரும்பாலும் இதுதான். "கன்ஸ்யூமபிள்ஸ்" (வேலையில் செலவாகிப்போகும் பொருள்) என்று எழுதி அடித்துவிடுகிறீர்கள். பாலிசியில் அதற்கான ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். அப்படியானால் அதை வண்டிக்காரரிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள், அவர் தன் காசில் செய்துகொள்ளட்டும். டெலிவரி நாளில் பில்லில் பார்த்து அவர் என் சட்டையைப் பிடிக்கிறார்.

பிடித்தம் பற்றிச் சொல்லாமல் விடுவதால் வரும் சண்டைகள் எங்கள் பட்டறை வாசலில்தான் நடக்கின்றன. "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கேன், நான் ஏன் காசு குடுக்கணும்?" என்று கேட்பவரிடம் நான்தான் உட்கார்ந்து விளக்குகிறேன். பம்பர் டு பம்பர் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத காப்பு) எடுக்காத சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குப் பாதிதான் வரும். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. இரும்பு பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்து, முதல் ஆறு மாதம் ஒன்றும் இல்லாமல் தொடங்கி, ஐந்து வயதைத் தாண்டினால் 40 சதவீதம், பத்தைத் தாண்டினால் 50 சதவீதம் கழிப்பார்கள். பெயிண்டிங்கில் பொருள் விலையில் பாதி போகும். பில் மொத்தமாகப் போட்டிருந்தால் அதில் 25 சதவீதத்தைப் பொருள் விலை என்று கணக்கு வைப்பார்கள். இதற்கு மேல் கட்டாயப் பிடித்தம், 1500 சி.சி. வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. கழற்றிய பழைய பாகத்துக்கு ஒரு சால்வேஜ் விலை (அதை விற்றால் வரும் காசு) போட்டு அதையும் கழிப்பார்கள். இது எதுவும் ரகசியம் இல்லை, பாலிசிக் காகிதத்திலேயே இருக்கிறது. ஆனால் பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. முதல் நாள் வரும்போது தமிழில் ஐந்து நிமிடம் இதைச் சொல்லிவிட்டுப் போனால், வண்டிக்காரருக்குத் தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பம்பரைக் கழற்றிப் பார்க்க ஏன் தயங்குகிறீர்கள் என்பதும் எனக்கு ஓரளவு புரிகிறது. ஒரு நாளில் அம்பத்தூரில் ஒன்று, பூந்தமல்லியில் ஒன்று, மணலியில் ஒன்று என்று ஓட வேண்டும். ஃபீஸ் குறைவு. கழற்றினால் செலவு கூடும், கம்பெனி உங்களைக் கேட்கும். பழைய வண்டி என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ், அதாவது முழு இழப்பு. உள்ளே உள்ள சேதத்தையும் சேர்த்தால் பல சின்ன வண்டிகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். கம்பெனிக்கும் பிடிக்காது, லோன் பாக்கி வைத்திருக்கும் வண்டிக்காரருக்கும் பிடிக்காது. அதனால் எல்லோரும் சேர்ந்து பாதி வேலையில் சமாதானமாகிவிடுகிறோம். ஆனால் டோட்டல் லாஸ் ஆக வேண்டிய வண்டியைப் பாதி ரிப்பேரில் ரோட்டுக்கு அனுப்பினால், அதை இரண்டு வருடத்தில் செகண்ட் ஹாண்டில் வாங்கப் போகும் ஒரு குடும்பத்துக்கு இந்தச் சமாதானத்தில் பங்கில்லை. அவர்களிடம் யாரும் எதையும் சொல்லப் போவதும் இல்லை.

1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 64 யு.எம். பிரிவு, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்கிறது. கம்பெனியின் சொந்த ஆளே பார்த்தால் போதாது, தனி ஆள் வேண்டும் என்று சட்டம் நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு ஃபீஸ் கொடுப்பது கம்பெனிதான். ஆனாலும் சட்டம் உங்களைக் கம்பெனிக்கும் வண்டிக்காரருக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறது. போனில் வந்த ஆறு படத்தைப் பார்த்து ஒப்புதல் போடும் வேலைக்கு அந்த நடு இடம் தேவையே இல்லை.

ஆப்பில் படம் அனுப்புவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கதவில் ஒரு கீறல், கண்ணாடி உடைசல், பின் லைட் போனது, இதற்கெல்லாம் ஒருவர் நேரில் வந்து அரை நாளை வீணாக்க வேண்டியதில்லை. முன்பக்கமோ பின்பக்கமோ மோதியிருந்தால், பக்கவாட்டில் கதவும் பில்லரும் வாங்கியிருந்தால், அப்போதுதான் கழற்ற வேண்டும் என்கிறேன். அன்றைக்கே நேரில் வர முடியவில்லையா, கழற்ற எழுத்தில் அனுமதி கொடுங்கள். வீடியோ காலில் இருங்கள், உங்கள் கண்முன் கழற்றுகிறோம். கிராஷ் பட்டையின் இரண்டு முனைகள், இரண்டு சேஸிஸ் கால்கள், ஏப்ரன் இணைப்புகள், டிக்கித் தரை ஆகிய இடங்களில் டேப்போ ஸ்கேலோ ஃபிரேமுக்குள் இருக்கும்படி படம் எடுத்து அனுப்புகிறோம். குறுக்களவை எழுதி அனுப்புகிறோம். சில வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்காது, அதற்குக் கம்பெனியின் பாடி டைமென்ஷன் சார்ட் இருக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த வண்டி பெஞ்சில் (வண்டியைப் பிடித்து அளந்து இழுக்கும் மேடையில்) ஏற வேண்டிய வண்டி. சங்கிலியை மரத்தில் கட்டி இழுத்து நேராக்கிவிட்டால் போதும் என்று விட முடியாது. என்னிடம் பெஞ்ச் இல்லை. இருக்கும் இடத்துக்கு அனுப்பிச் செய்து வாங்குகிறேன். அந்தச் செலவையும், வண்டியை ஏற்றிச் செல்லும் செலவையும் எஸ்டிமேட்டில் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதல் தடவை வருவதைவிட வேலை முடிந்த பிறகு வருவது எனக்கு முக்கியம். ரீ-இன்ஸ்பெக்ஷன் என்ற பெயரில் இப்போது நடப்பது பளபளக்கும் வண்டியின் முன் நின்று இன்னொரு படம் எடுப்பது. தயவுசெய்து பெயிண்டுக்கு முன்பே ஒரு தடவை வாருங்கள், அல்லது வீடியோவில் பாருங்கள். வெல்டிங் கேஸிலா, சி.ஓ.டூ.விலா என்று அப்போதுதான் தெரியும். பெயிண்ட் அடித்த பிறகு கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கனம் அளக்கும் கருவி ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஃபேக்டரி பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) இருக்கும். ரீபெயிண்ட் செய்த இடத்தில் அதைவிடக் கூடும், அது இயல்பு. கருவி ஆயிரத்துக்கு மேல் காட்டினால் அங்கே பட்டி மலையாக இருக்கிறது என்று அர்த்தம், என் பட்டறை வண்டியாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் கேப் இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்கிறதா, கதவைத் தூக்காமல் மூட முடிகிறதா, அலைன்மென்ட் ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள்.

ஏர்பேக் வெடித்த வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே பிடுங்கியிருக்கலாம். எரிந்து அணைகிறது என்பதாலும் நம்பிவிட முடியாது. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகி, கம்ப்யூட்டரை ஏமாற்றி, மேலே கவரை மாட்டிவிடும் அயோக்கியத்தனம் எங்கள் தொழிலில் நடக்கிறது. ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். புது ஏர்பேகின் பில்லையும் சீரியல் எண்ணையும் கேளுங்கள். பழைய சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள், மோதலில் பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனர் ஒருமுறை வெடித்தால் அந்தப் பெல்ட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும். இதைச் செய்யாத பட்டறையின் பெயரைக் கம்பெனிக்கு எழுதுங்கள். எங்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

கூலி விஷயத்தில் இன்னும் ஒன்று. என் பெயிண்டர்கள் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். கர்ச்சீஃபைக் கட்டிக்கொண்டு அடிக்கிற பையன்களை வடசென்னையின் எந்தச் சந்திலும் பார்க்கலாம். நல்ல காற்று மாஸ்க் வாங்கவும், பூத் போடவும் இருபது வருடமாக மாறாத கூலியில் முடியவில்லை. பெரிய பாடி ஷாப்புக்கு ஒரு ரேட், எங்களுக்கு அதில் பாதி என்று எழுதும்போது, அந்தப் பாதியில் எதைக் குறைப்பது என்று எங்களிடம் விட்டுவிடுகிறீர்கள். பெரும்பாலான பட்டறைகள் குறைப்பது இவர்களின் மூச்சைத்தான்.

எங்கள் பக்கத்திலிருந்து நான் தரக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் நீங்கள் பார்க்கும் வரை பட்டறையிலேயே வைத்திருப்பேன், பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகாது. ஒரிஜினல் பாகம் என்று எழுதினால் அதன் பெட்டியும் பில்லும் காட்டுவேன். பழைய பாகம் போட்டால் வண்டிக்காரர் சம்மதத்தோடு, பழையது என்றே பில்லில் எழுதுவேன். சேஸிஸ் அளவு எடுத்த தாளின் ஒரு நகலை வண்டிக்காரருக்கும் கொடுப்பேன். அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவர் நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் காட்டட்டும்.

வியாசர்பாடி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் சிலரிடமும் பேசியிருக்கிறேன். கழற்றிய நிலையில் பார்க்க வருகிற சர்வேயருக்கு லிஃப்ட்டும், விளக்கும், ஒரு உதவியாளும் இலவசமாகத் தருவதாக அவர்களும் சொல்கிறார்கள். முன்பக்கம் மோதிய வண்டி ஒன்று இப்போது என் பட்டறையில் பிரித்த நிலையில் நிற்கிறது. வண்டிக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்களில் யார் வேண்டுமானாலும், அந்தக் கிளெய்மில் சம்பந்தப்படாதவர்கள்கூட, வந்து பார்க்கலாம், அளந்து பார்க்கலாம். காலை பத்து மணிக்கு முன்பு வந்தால் சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறைக்காரன்,
வியாசர்பாடி, சென்னை.